வீட்டை அழி

என் அக்கா செண்பகம் கணவரை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் துணிப்பெட்டியும் இன்னொரு கையில் இட்லிக் கொப்பரையும் இருந்தன. பெட்டி மட்டும் வந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இரண்டு நாளில் கோபம் ஆறும், அத்தான் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார், இவளும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போவாள். கொப்பரையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டில் இனி யாருக்கும் இட்லி அவிப்பதாக இல்லை என்று அர்த்தம்.

"என்னக்கா?" என்றேன்.

"ஒங்க அத்தான் போட்டுக் காட்டிட்டாவ."

அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. இப்போது பாதிக் குடும்பங்கள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் உடைகின்றன. வீட்டுக்கு வீடு கூரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே செவி என்ற கருவி, அதை அரசாங்கம் கட்டாயமாக்கியபோது தீப்பிடித்தால் கத்தும், திருடன் வந்தால் கத்தும், வயசாளி வழுக்கி விழுந்தால் ஆம்புலன்சுக்குச் சொல்லும் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். கேட்டதையெல்லாம் மேகத்தில் கொண்டுபோய்ச் சேமித்து வைக்கும், எப்போது கேட்டாலும் எடுத்துப் போடும் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நம் ஜனங்களுக்கு அந்தப் பொடி எழுத்துதான் பிடித்துப்போயிற்று. தீயும் திருடனும் வராவிட்டாலும் சண்டை தினமும் வருகிறதே. 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற அருமையான வாக்கியம் தமிழ்நாட்டில் செத்துப் பல வருஷமாகிறது. அதை நம்பித்தான் அதுவரை கல்யாணங்கள் நின்றுகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

"என்னத்தப் போட்டுக் காட்டினாவ?"

அக்கா கொப்பரையை மேசைமேல் வைத்தாள். "அவ்வோ தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்புக்கு வாரேன்னு நான் சொன்னேனா இல்லையான்னு பேச்சு. சொல்லலன்னு நான் சாதிச்சேன். ஒடனே தேட ஆரம்பிச்சிட்டாவ. என்னத்தையோ தேடப் போயி, அத்தை படுக்கையில கெடந்தப்ப நான் பேசுனது வந்து விழுந்துட்டு."

"என்ன பேசுன?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு முடியல, அத்தை சீக்கிரம் போய்ச் சேந்தாத் தேவலன்னு. என் குரல்தான். தூக்கம் இல்லாம அள்ளிக் கொட்டிக்கிட்டு இருந்த அலுப்புல சொன்னது. சொன்ன எனக்கும் மறந்துபோச்சு, கேட்ட ஒங்க அத்தானுக்கும் மறந்துபோச்சு. அந்தப் பல்லி மறக்கல."

"அத்தான் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு தடவ போட்டாவ." கொப்பரை மூடியைச் சரிசெய்துகொண்டே, "அப்புறமா, 'நீங்க காப்பி குடிங்க'ன்னாவ" என்றாள்.

காப்பியை விட அந்த 'நீங்க'தான் விஷயம். அத்தான் பிரமநாயகம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் சுவர் கையளவு தள்ளியிருந்தாலும் சாப்பாடு இறங்காது அவருக்கு. ஆனால் சண்டையில் குரலை உயர்த்தவே மாட்டார். அக்காவை எப்போதும் ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். கோபம் தலைக்கு ஏறினால் மட்டும் வாங்க, போங்க, உக்காருங்க என்று மரியாதை வந்துவிடும். அதைக் கேட்பதற்குப் பதில் நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்பாள் அக்கா.

"நீதானல மேகமாடத்துல வேல பாக்க?" என்றாள். "அது கேட்டு வச்சதெல்லாம் போணும். ஒண்ணு விடாமப் போணும். போச்சுன்னா வாரேன். இல்லன்னா மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, ஆஸ்திரேலியாவுக்குப் போயிருதேன். விசா வந்தாச்சு. இனி திரும்பி வாரதா இல்ல."

மேகமாடம் என்பது நான் வேலை பார்க்கும் சேமிப்புக் கம்பெனி. மறுநாளே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் அத்தான் வீட்டுக்குப் போனேன். சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். அளவையர் வீட்டில் இது பெரிய அபாய அறிவிப்பு.

"அவ வருவாளா மாப்ள?"

"எல்லாத்தையும் அழிச்சா வாராளாம்."

"நீ அங்க போயி அழிச்சிட்டு வர முடியாதா?"

"உள்ள போற வேலையே கிடையாது அத்தான். ஏபிஐன்னு ஒண்ணு இருக்கு. ஓட்டல்ல பார்சல் வாங்குத ஜன்னல் இருக்குல்லா, அது மாதிரி. ஜன்னல்ல நின்னு இன்னது வை, இன்னது எடு, இன்னது அழின்னு சொல்லணும். உள்ள இருக்கவன் செஞ்சிட்டு ஒரு நம்பரைச் சொல்லுவான். நானூத்தி நாலுன்னா அப்படி ஒண்ணு இங்க இல்லன்னு அர்த்தம். இருநூத்தி நாலுன்னா ஒழுங்காச் செஞ்சாச்சு, சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"செஞ்சிட்டுச் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லங்கானா? நல்ல புருஷன் மாதிரி இருக்கானே" என்றார். பிறகு தயங்கினார். "எல்லாமா போணும்? மக சின்னதுல பேசுனது, அவ சீமந்தம், அதெல்லாம் இருக்கே. சண்டையை மட்டும் அழிச்சிருவோம். சண்டை போனா அவளுக்குப் போதும்லா?"

செவி கேட்டதையெல்லாம் தானே வகை பிரித்து வைக்கும். சண்டை என்று தனியாக ஒரு கோப்புறை இருந்தது. நியாயமான யோசனையாகத்தான் பட்டது. அத்தானின் சாவி எண்ணைப் போட்டு, அந்தக் கோப்புறையின் முகவரியைக் கொடுத்து, அழி என்று அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் இருநூற்று நான்கு வந்தது. அத்தான் நெடுமூச்சு விட்டார்.

"எதுக்கும் சரிபார்த்துக்கிடுவோம்" என்றார் பழக்க தோஷத்தில். "செவி, நேத்துக் காலையில பேசுனதப் போடு."

'நீங்க காப்பி குடிங்க' என்றது கூரை, அத்தான் குரலில். அட்சரம் பிசகாமல் இருந்தது.

நான் திரும்பப் போய்த் தேடினேன். அத்தானின் சண்டைகள் அத்தனையும் 'மரியாதையான உரையாடல்' என்ற கோப்புறையில் பத்திரமாக இருந்தன. தாழ்ந்த குரல், வாங்க, போங்க, உக்காருங்க. செவிக்கு வேறென்ன தெரியும்? அக்கா பேசும்போது அவர் கேட்க விரும்பாமல் தேவாரம் பாடிய நாட்களெல்லாம் 'பக்தி'யில் இருந்தன.

"அப்ப சண்டைன்னு இருந்தது என்னது?" என்றார் அத்தான்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். சண்டை என்று அது வைத்திருந்ததெல்லாம் எங்கள் ஆட்கள் சந்தோஷமாக இருந்தபோது போட்ட சத்தம். மகள் உலகம்மையின் சீமந்தத்தன்று பொம்பளைகள் ஒருவரை ஒருவர் வாயில் வந்தபடி ஏசிச் சிரித்தது. பேரன் பிறந்த சேதி வந்ததும் அக்கா தெருவுக்கே கேட்கும்படி கூப்பாடு போட்டது. ஒரு கிரிக்கெட் மேட்ச் முடிவில் நானும் அத்தானும் கட்டிப்பிடித்து ஊளையிட்டது. தலைப்புகள் மட்டும் என் திரையில் இன்னும் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். நானூற்று நான்கு.

"திரும்ப வருமா?"

"வராது அத்தான்."

அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு வீட்டின் சிரிப்பையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு அதன் கசப்பை மட்டும் சுத்தமாகப் பாதுகாத்து வைத்திருந்தோம். இதற்கு நான் என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டாம்.

"சரி, அந்த மரியாதை எழவையும் அழி."

"முடியாது. வருஷத்துக்கு ஒரு கோப்புறையத்தான் அழிக்கலாம்னு சட்டம். ஆளாளுக்குப் பிடிச்சத வச்சிக்கிட்டுப் பிடிக்காதத அழிச்சாச் சாட்சியைத் திருத்துன மாதிரி ஆயிரும்லா. இனி அழிக்கணும்னா மொத்தமாத்தான். அதுக்குச் சாவி பத்தாது. குடும்பத் தலைவர் தன் வாயால, தாய்மொழியில, உத்தரவைச் சொல்லணும். சொன்ன பதிவு மட்டும் சட்டத்துக்குன்னு என்னைக்கும் இருக்கும், வீட்டுல பெரியவங்க போனுக்கும் ஒரு நகல் போவும்."

"கிறுக்குச் சட்டம்" என்றார். "என்னன்னு சொல்லணும்?"

ஆங்கிலத்தில் ஹோம் என்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற தலைமைக் கோப்புறை. அதற்கு எங்கள் மொழிபெயர்ப்புக் குழு வீடு என்று பெயர் வைத்திருந்தது. குழுவில் இருந்தவர்கள் மொழி தெரிந்தவர்கள்தான். தமிழ் வீட்டில் விளக்கு வைத்திருக்கும்போது என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று தெரிந்த ஒருவரையும் சேர்த்திருக்கலாம்.

"'வீட்டை அழி'ன்னு சொல்லணும் அத்தான்."

"சீ, வாயக் கழுவு!" என்றார். நான் பார்த்து அவர் கோபத்தில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பூசை மாடத்துல விளக்கு எரியுது! நீ கெளம்பு. நானே பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். இரண்டு நாளில் அக்காவுக்குப் போன் வந்தது. எல்லாம் முடிந்தது, ஒன்றும் மிச்சமில்லை, வா என்றார். அக்காவும் அவரைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பாளா? போன் வழியாகவே பழைய பேச்சு ஒன்றைப் போடச் சொல்லிப் பார்த்தாள். 'இங்கு இல்லை' என்றது செவி. கொப்பரை ஆட்டோவில் ஏறித் திரும்பிப் போனது. என் மனைவி அன்றைக்கு நிம்மதியாக உப்புமா கிண்டினாள்.

மாதம் ஒன்று முடிந்திருக்கும். மறுபடியும் வாசலில் ஆட்டோ. அதே பெட்டி, அதே கொப்பரை.

"இப்ப என்னக்கா?"

"சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆளுகள்லாம் உக்காந்திருக்கோம். அந்தப் பல்லி வாயத் தொறந்து, 'வாழ்த்துகள். தங்கள் வீடு முழுமையாகக் குளிர்விக்கப்பட்டது. இன்னும் நூறு ஆண்டுகளுக்குக் கெடாது' அப்படிங்கு." அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அழிக்கச் சொன்னா ஒங்க அத்தான் ஊறுகா போட்டு வச்சிருக்காவ!"

நான் ஓடினேன். அத்தான் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

"விளக்க அணைன்னு நம்ம வீட்டுல யாராவது சொல்லுவாவளா? குளிர வைன்னுதான சொல்லுவாவ. அதான் வீட்டைக் குளிர வைன்னு சொன்னேன். 'அப்படியே ஆகட்டும்'னுதான் அதுவும் சொல்லிச்சு."

"அத்தான், குளிர் சேமிப்புன்னு ஒண்ணு இருக்கு. அடிக்கடி தேவைப்படாதத மலிவான எடத்துல மாத்தி வைக்கது. எடுக்க அரை நாள் ஆவும், ஆனா கெடவே கெடாது. நீங்க அதத்தான் செஞ்சிருக்கீங்க."

"அப்ப வேற நல்ல வார்த்தையாச் சொல்லு. அரிசி இல்லன்னா நெறஞ்சிருக்குன்னு சொல்லுவோமே, வீடு நெறஞ்சிருச்சுன்னு சொன்னா?"

"கூட எடம் வாங்கச் சொல்லும்."

"போயிட்டு வான்னு சொன்னா?"

"போயிட்டு வந்துரும்."

அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். கெட்டதை நல்ல சொல்லில் சுற்றிக் கொடுத்தே வளர்ந்த ஜாதி நாம். கோபத்தைக்கூட மரியாதையில் சுற்றித்தான் கொடுப்பார் அத்தான். எதிரே இருக்கிற மனுஷி சுற்றியிருப்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்வாள். மிஷின் பிரித்துப் பார்க்காது.

"அக்கா டிக்கெட்டுக்கே பாத்துக்கிட்டு இருக்கா அத்தான்" என்றேன்.

அவர் எழுந்து பூசை மாடத்துக்குப் போய் விளக்கைக் குளிர வைத்தார், நிஜமாகவே. கதவைச் சாத்தினார். கூடத்துக்கு வந்து நட்டநடுவில் நின்றார். அந்த இடத்தில்தான் அக்கா கழுத்தில் தாலி கட்டினார். அந்தக் காலத்தில் கல்யாணத்தை வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

"வீட்டை அழி" என்றார் மெதுவாக.

"தெளிவாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லவும்" என்றது செவி.

"வீட்டை அழி."

"மன்னிக்கவும். குடும்பத் தலைவரின் குரல் உறுதியாக இல்லை. உரக்கச் சொல்லவும்."

"வீட்டை அழி!" என்று கத்தினார் பிரமநாயகம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது. காரணத்தைக் கூறவும். இடப் பற்றாக்குறை, குடிபெயர்வு, மரணம், பிற."

"பிற."

"விளக்கவும்."

நான் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

மிஷின் காத்திருந்தது. பிறகு அத்தான் பேசினார், கூரையிடம்தான்.

"எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப செண்பகம் ஒரு வார்த்த சொன்னா. அதை ரெண்டு தடவ போட்டுக் காட்டுனேன். அன்னைக்கு நானும் அதையேதான் நெனச்சேன். பெத்த தாயி எப்படா போவான்னு நெனச்சேன். அவ வாயால சொன்னா, அது பதிவாயிருச்சு. நான் மனசுக்குள்ள நெனச்சேன், அது எங்கயும் பதிவாவல. அதனால நான் நல்லவனாயிட்டேன்." சாத்தியிருந்த பூசை மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குச் சரியும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அவ வீட்டுல இருந்தாப் போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒன்றும் செய்யவில்லை.

"நன்றி" என்றது செவி. "இருநூற்று நான்கு."

அவ்வளவுதான். அத்தனை வருஷமும் போயிற்று. சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த நாள் காலை அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நெடுநேரம் நின்றாள். இறங்கி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கொப்பரையைக் கழுவி, துடைத்து, ஆட்டோ கூப்பிடச் சொன்னாள்.

தீபாவளி கழிந்து ஒருநாள் இரண்டு பேரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம் போய் நின்றால் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"ராத்திரிக்குன்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

"மத்தியானத்துக்குன்னு சொல்லச் சொன்னியேட்டி!" என்றார் அத்தான்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

எத்தனை காலம் கழித்துக் கேட்கிறேன் அந்த வாக்கியத்தை! அத்தான் முகத்தில் ஒரு திகைப்பு. அவர் பார்வை பழக்கத்தில் கூரைக்குப் போனது. செவி புது வீட்டில் ஒட்டியது போல வெறுமனே இருந்தது. பேசினதை வைத்துக்கொள்ளாதே என்று அக்கா அதற்குக் கட்டளை போட்டிருந்தாள். ஆகவே இருவரும் கையை வீசிக்கொண்டு, ஆதாரம் எதுவும் இல்லாமல், ஆனந்தமாகச் சண்டை போட்டார்கள். சொன்னே, சொல்லலை, சொன்னே, சொல்லலை. அத்தான் ஒரு தடவைகூட வாங்க போங்க என்று சொல்லவில்லை. சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில் அக்கா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். ஒரு விரலால் தட்டினாள்.

"வீட்டை அழி!" என்று முழங்கியது அத்தானின் குரல்.

உடனே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கேட்டியால குத்தாலம்? வீட்டையே அழிக்கச் சொன்ன மனுசன். இவ்வோ பேச்சை நம்பி நான் சோறு பொங்கணுமாக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பாடுபட்டு அழித்ததில் மிஞ்சிய ஒரே ஒரு கோப்பு, எந்த வக்கீலும் கனவில் காணமுடியாத ஆயுதமாக அவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"மீதியையும் போடேட்டி" என்றார் அத்தான். "காரணம் சொன்னேம்லா. அதையும் இவனுக்குப் போட்டுக் காட்டு."

"அது ஒங்களுக்கு எதுக்கு? அது நான் தனியாக் கேக்கதுக்கு" என்றாள் அக்கா. போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

அத்தான் என் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, அந்தப் பதிவை யாராலயும் அழிக்க முடியாதுன்னியே, நெசந்தானா?"

"சட்டம் அத்தான். யாராலயும் முடியாது."

"அவ நெனச்சாலும்?"

"அக்கா நெனச்சாலும் முடியாது."

"நல்ல சட்டம்" என்றார் அத்தான், அடுக்களையைப் பார்த்தபடி.